மருதாணித் தொட்டியில் ரத்தம்

அத்தியாயம் 5

"தொட்டியில கை வச்சே, கைய ஒடிச்சிருவேன்" என்றாள் மதீனா பீவி.

வெறும் வாய்ச்சொல் இல்லை. சோற்றுக் கரண்டி ஓங்கியபடி நின்றது.

"சாச்சி, நான் ஒங்க வாசிம். பெத்த புள்ள மாதிரி."

"அதனாலதாம்ல கரண்டி. வேத்தாளா இருந்தா அருவாமணைய எடுத்திருப்பேன்."

இரும்பு ஏணியின் மேல்படியில் நின்றபடி ஷ்யாமளா இந்தக் குடும்ப விவகாரம் முடியக் காத்திருந்தாள். தாராவியின் அந்தச் சந்தில் வீட்டுக்கு மேல் வீடு, அதற்கு மேல் தகரம், தகரத்துக்கு வெளியே ஒரு சாண் சிமெண்ட் விளிம்பு. அந்த விளிம்பில் பாதியாக வெட்டிய நீல டிரம்மில் ஒரு மருதாணிச் செடி. அதற்குத்தான் இவ்வளவு காவல்.

ஷ்யாமளா இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று பார்த்து வந்தவள். யாரையும் நம்பாமல் இருப்பது அவளுக்குத் தொழில் தந்த சொத்து. இப்போது கிங்ஸ் சர்க்கிளில் சொந்தத் துப்பறியும் ஆபீஸ். அசிஸ்டென்ட் என்ற பெயரில் வாசிம் என்ற ஒரு வாய். இந்த முறை கட்சிக்காரனும் அவனே. மதீனா பீவி அவனுடைய சித்தப்பாவின் மனைவி, தாய் போன பிறகு அவனை ஆளாக்கியவள்.

"அந்த மெசினே எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுது. ஒனக்கு எதுக்குல வயித்தெரிச்சல்?"

"சாப்பாடு எறங்க மாட்டேங்குது. முதுகு வலியில படுக்க முடியல. போட்ட வளையல் முழங்கை வரைக்கும் போவுது. இதுக்குப் பேரு ஒண்ணுமில்லையா சாச்சி?"

"வயசாச்சுன்னா அப்பிடித்தான்."

டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அடுக்களையில் எண்ணெய்ப் பாட்டிலுக்கு அடியில் மடிந்து கிடந்தது. அதை அவள் அங்கே வைத்ததற்குக் காரணம், போன மாதம் செம்பூர்க் கம்பெனி ஒன்று தாராவியில் நடத்திய இலவச முகாம்.

ஒரு சொட்டு ரத்தம் போதும் என்றார்கள். தபால்தலை அளவில் ஒரு சிப். அதற்குள் மயிரிழை வாய்க்கால்கள். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் கண்ணுக்கே தெரியாத குட்டிப் பைகளை வெளியே எறிந்துகொண்டே இருக்கிறதாம். புற்றுநோய் செல் எறியும் பையில் அதன் முத்திரை இருக்குமாம். சிப்பு அந்தப் பைகளை ரத்தத்திலிருந்து பிடித்து எண்ணிவிடும், கணையத்தில் புற்று இருந்தால் ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும் என்று மைக் வைத்து முழங்கினார்கள்.

"குப்பை மூட்டையப் பாத்து வீட்டக் கண்டுபிடிக்க வேல மேடம்" என்று வாசிம் ஏற்கனவே இதைச் சுருக்கிச் சொல்லியிருந்தான். "தாராவிக்காரனுக்கு இத எவனும் சொல்லித்தர வேண்டாம்."

முகாமுக்கு வந்த அத்தனை பேருக்கும் ஒரே பதில்: ஒன்றுமில்லை. ஷ்யாமளாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை. லாட்டரி வாங்கிய எல்லோருக்கும் பரிசு விழுந்தால் அவள் லாட்டரியைத்தான் சந்தேகப்படுவாள்.

ஆனால் பயன்படுத்திய சிப்புகளை மஞ்சள் பையில் போட்டு அன்றைக்கே எரிக்க அனுப்பிவிட்டார்கள். ஒன்றைத் தவிர. வெட்டிய முடி, நகம், உடம்பிலிருந்து எடுத்த ரத்தம் எதையும் குப்பையில் போடக்கூடாது, மண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது மதீனா பீவி வீட்டு வழக்கம். முகாமில் சண்டை பிடித்துத் தன் சிப்பை வாங்கி வந்துவிட்டாள். தாராவியில் மண்ணுக்கு எங்கே போவது? மருதாணித் தொட்டிதான்.

"மதீனா, நான் பாத்துட்டுத் திரும்ப மண்ணுக்கே தந்துடறேன்" என்றாள் ஷ்யாமளா. "இது என் வார்த்தை."

மதீனா பீவி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தச் சிப்பு பொய்யின்னு காட்டு. நான் ஸ்கேனுக்கு வாரேன். காட்ட முடியலன்னா ரெண்டு பேரும் இந்த ஏணியில கால் வைக்கக் கூடாது. என்னய நிம்மதியா விட்டுறணும்."

"ஒப்பந்தம்" என்றாள் ஷ்யாமளா.

கரண்டி இறங்கியது. அதைக் கொண்டே வாசிம் தோண்டினான்.

---

கழுவித் துடைத்த சிப்பை ஷ்யாமளா வெளிச்சத்தில் பிடித்தாள். பளிங்கு மாதிரி ரப்பர், அடியில் கண்ணாடித் தகடு. உள்ளே வாய்க்கால் கைமுறுக்கு போலச் சுற்றிச் சுற்றி ஓடியது. காய்ந்த ரத்தம் அதைப் பழுப்பு நிறத்தில் வரைந்து காட்டியது. முகாமில் கொடுத்த விளம்பரத் தாளில் அதே சிப்பின் படம் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன தெரியறது, வாசிம்?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"கண்ணைத் துடைச்சுண்டு பாரு. படத்துல சுழி நடுவிலேர்ந்து வலப்பக்கமா சுத்தறது. இதுல இடப்பக்கமா. அது வலம்புரி, இது இடம்புரி."

"தலகீழாப் புடிச்சிருக்கீங்க மேடம். திருப்புங்க."

"எப்படித் திருப்பினாலும் வலது கால் செருப்பு இடது காலுக்கு ஆகுமா? கவுத்துப் போட்டாத்தான் சுழி மாறும். கவுத்துப் போட முடியாது, ஓட்டையெல்லாம் மேல் பக்கம், கீழே கண்ணாடி."

வாசிம் தாளையும் சிப்பையும் மாறி மாறிப் பார்த்தான். "போலி! எவனோ தப்பா அடிச்சுட்டான்."

"தப்பா அடிச்சவன் ஒரு வளைவுல தப்புவான், ஒரு ஓட்டையில தப்புவான். இவன் எதுலயும் தப்பலை. மொத்தத்தையும் கண்ணாடியில காட்டின மாதிரி திருப்பியிருக்கான். இது கைப்பிசகு இல்லை. பழக்கம்." அவள் ஏணியில் இறங்க ஆரம்பித்தாள். "எதைக் கொடுத்தாலும் திருப்பியே வெட்டற பழக்கம் உங்க ஊர்ல யாருக்கு உண்டு?"

வாசிம் பாதி ஏணியில் நின்றுவிட்டான். தோல் பை, பர்ஸ், பெல்ட் எல்லாவற்றிலும் கம்பெனிப் பெயரை அழுத்துகிற பித்தளை அச்சுகள். அச்சில் திருப்பி வெட்டினால்தான் தோலில் நேராக விழும்.

"அச்சு வெட்டுறவன்! பூதத்தான் அண்ணாச்சி!"

"நல்ல மனுஷனா?"

"எங்க தெருவுல அவருகிட்ட அடி வாங்காதவன் வெளியூர்க்காரன் மேடம்."

---

பூதத்தானின் பட்டறைச் சுவர் முழுக்கப் பித்தளை அச்சுகள் தொங்கின. ஊர்பட்ட கம்பெனிப் பெயர்கள் வலமிருந்து இடமாக ஓடின. நடுவில் ஒரு கம்ப்யூட்டர் மெஷின் ஊசி முனையால் பித்தளையைக் கொத்திக்கொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் நிமிரக்கூட இல்லை.

"போலீஸா?"

"போலீஸ்னா ஒக்காரச் சேர் கேப்பாங்க அண்ணாச்சி. நாங்க நின்னுக்கிடுதோம்" என்றான் வாசிம்.

"பொறவு என்ன மயித்துக்கு வந்த? வெளிய போ."

ஷ்யாமளா சிப்பை மேஜையில் வைத்தாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இது என்னதுன்னே எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருக்க வேண்டாம்" என்றாள் ஷ்யாமளா. "வாசிம், நாம தப்பான இடத்துக்கு வந்துட்டோம். இதை யாரோ கத்துக்குட்டி வெட்டியிருக்கான். ஓரமெல்லாம் பிசிறு. இவர் பெரிய கை, இந்த மாதிரி அசிங்கமா வெட்ட மாட்டார்."

மெஷின் நின்றது.

"பிசிறா? எங்க பிசிறு? காட்டும்!" பூதத்தான் பூதக்கண்ணாடியைப் பிடுங்கிச் சிப்பின் மேல் வைத்தார். "மயிரிழையில பாதிகூட விலகல. இந்தத் தாராவியில, என்ன தாராவி, இந்த பம்பாய்லயே இத வெட்ட இன்னொருத்தன் கெடையாது. கத்துக்குட்டியாம்லா! பேச வந்துட்டா!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. ஷ்யாமளா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் அடித்திருப்பார்.

"யார் குடுத்தா?"

"ஆள் தெரியாது. மாதிரிக்கு ஒண்ணு டெலிவரிக்காரன்கிட்ட குடுத்துவிட்டாங்க. இதே மாதிரி பித்தளையில அச்சு வேணும்னு சீட்டு. வெட்டினேன், அதே டெலிவரிக்காரன் வாங்கிட்டுப் போனான்."

"திருப்பி வெட்டினேளா?"

பூதத்தான் அவளை மூளை கழன்றவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அச்சுன்னா திருப்பித்தாம்மா வெட்டணும். நேரா வெட்டினா தோல்ல பேரு திரும்பியில்லா விழும்?"

"இது தோல் இல்லை. தோல்ல அச்சைக் குப்புற வச்சு அழுத்தறேள். இதுல அச்சு மேல ரப்பரை ஊத்தி, உரிச்சு, மேல்பக்கத்துலேர்ந்தே பாக்கறா. திருப்பவே வேண்டாம். நீங்க திருப்பினதால சிப்பே மாறிப்போச்சு."

"அத எங்கிட்ட எவன் சொன்னான்?"

"ஒங்க அச்சுல ஓடினது எங்க சாச்சி ரத்தம்!" வாசிமின் குரல் பட்டறையை நிறைத்தது. கேலி எங்கேயோ போய்விட்டிருந்தது. "அவுக அத நம்பி ஸ்கேனுக்குப் போகாம கெடக்காக!"

"நான் அச்சுதாம்ல வெட்டினேன்! எதுக்கு வெட்டுதோம்னு எந்த நாயி சொல்லிச்சு?" பூதத்தான் எழுந்து ஷட்டர் கம்பியை எடுத்தார். "போ வெளிய. ரெண்டு பேரும் போங்க."

ஷட்டர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இடி மாதிரி இறங்கியது.

---

செம்பூர் ஆபீஸில் குளிர் ஏசியிலிருந்து மட்டும் வரவில்லை. டாக்டர் வேங்கடசுப்ரமணியன் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. பக்கத்து சோபாவில் அவர் மனைவி சுப்புலக்ஷ்மி, கம்பெனியின் இன்னொரு டைரக்டர், காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். விருந்தாளிகளுக்குக் காப்பி இல்லை என்பதை அந்த ஒற்றை டம்ளர் தெளிவாகச் சொன்னது.

ஷ்யாமளா விஷயத்தைச் சொன்னாள். அவர் சிப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, செத்த பல்லியைப் போடுவது போல மேஜையில் போட்டார்.

"டூப்ளிகேட். தாராவியில டூப்ளிகேட் அடிக்காத சாமான் உண்டா? இதுல பாதிக்கப்பட்டவன் நான்."

"அடேங்கப்பா" என்றான் வாசிம். "எங்க சாச்சிய முந்திக்கிட்டு நீங்க பாதிக்கப்பட்டுட்டீங்களா?"

"மைண்ட் யுவர் டங்க்."

"ஒங்க முகாம், ஒங்க ஆளு, ஒங்க தட்டுல இருந்து எடுத்த சிப்பு சார். எங்க ஆளுக தட்டுக்குள்ள பூந்து முட்டை வச்சுட்டுப் போனாங்களா?"

"யாரோ மாத்தி வச்சிருக்கா. போட்டிக் கம்பெனியா இருக்கலாம். முகாம்ல இருந்தவா எல்லாம் கூலிக்கு வந்த பசங்க, அவாளுக்கு நிஜ சிப் எது, போலி எதுன்னு தெரியாது. நான் என் லாயரோட பேசிக்கறேன். நீங்க வெளியில இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினா கோர்ட்ல பாக்கலாம்."

"இந்தச் சிப்பு ஏன் எல்லாருக்கும் ஒண்ணுமில்லைன்னு சொல்றது, அதை மட்டும் சொல்லுங்கோ" என்றாள் ஷ்யாமளா.

அவருக்கு விளக்கம் சொல்லப் பிடிக்கும். அது அவர் குரலிலேயே தெரிந்தது. "சிம்பிள். மெஷின்ல ரெண்டு ஊசி. இடது ஊசி ரத்தம் விடும், வலது ஊசி கழுவற தண்ணி விடும். சிப்பைத் திருப்பிப் பண்ணினா ஓட்டை ரெண்டும் இடம் மாறிடும். ரத்தம் தண்ணி போற வழியில போய் நேரா சாக்கடைக்குப் போயிடும். பைகளைப் பிடிக்கற பொறியையே அது பார்க்காது."

"பொறியில ஒண்ணும் விழாததால, ஒண்ணுமில்லை. நல்ல சேதி வந்தா இன்னொரு தடவை பாருன்னு யாரும் கேக்க மாட்டா. சௌகரியம்தான்."

"என்ன சொல்ல வரேள்? நான் தெரிஞ்சு பண்ணினேன்னா?" அவர் எழுந்து சுவரைக் காட்டினார். "அதைப் பாருங்கோ!"

கதவளவுக்கு ஒரு போட்டோ. முகாமின் தொடக்கம். மேலே முகாமின் பெயர் எழுதிய துணி. வேங்கடசுப்ரமணியன் ஒரு சிப்பை, ஓட்டைகள் உள்ள மேல்பக்கம் கேமராவைப் பார்க்கத் தூக்கிப் பிடித்திருக்கிறார். எதிரில் சுப்புலக்ஷ்மி விரலை நீட்டிச் சிரிக்கிறாள். நடுவில் ஒரு தட்டு நிறையச் சிப்புகள், உள்ளே நிரப்பிய நீலத் திரவத்தில் சுழிகள் பளிச்சென்று தெரிகின்றன.

"முதல் டெஸ்ட் என் ஆத்துக்காரிக்கு. அத்தனை பேர் முன்னாடி. போலின்னு தெரிஞ்சிருந்தா என் பெண்டாட்டிக்கே அதை வைப்பேனா? மனுஷன் பண்ணற காரியமா?"

சுப்புலக்ஷ்மி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் சொல்வது வாசிமுக்கு நியாயமாகத்தான் பட்டது. தன் வீட்டு ஆளையே முன்னால் நிறுத்தியவனை எப்படிக் குற்றம் சொல்வது? அப்படியானால் சிப்பை மாற்றியது யார், எங்கே தேடுவது? சாச்சியின் எண்ணெய்ப் பாட்டில் அவன் கண் முன்னால் வந்தது.

ஷ்யாமளா போட்டோவுக்கு முன்னால் போய் நின்றாள். மூக்கு அதில் உரசும் அளவுக்குக் குனிந்தாள்.

"இவ்வளவு பெரிசா பிரேம் பண்ணினது ரொம்ப உபகாரம், டாக்டர்."

"எக்ஸ்க்யூஸ் மீ?"

"தட்டுல இருக்கற சிப் எல்லாம் இடம்புரி. ஒண்ணு விடாம. உங்க கையில இருக்கறது வலம்புரி."

வேங்கடசுப்ரமணியன் போட்டோவுக்குப் பக்கத்தில் வந்தார்.

"போட்டோ... போட்டோ திரும்பியிருக்கும்" என்றார் அவர். "மொபைல் கேமராவில அப்படி ஆகும்."

"துணியில எழுத்து நேராத்தான் இருக்கு. சரி, உங்களுக்காகத் திரும்பினதுன்னே வச்சுக்கறேன். திரும்பினா எல்லாம் சேர்ந்துதானே திரும்பும்? தட்டு வலம்புரியாகும், உங்க கை இடம்புரியாகும். எப்படித் திருப்பினாலும் உங்க கையில இருக்கறதும் தட்டுல இருக்கறதும் ஒண்ணாகாது." அவள் விரல் போட்டோவில் அவர் சட்டையில் போய் நின்றது. "பாக்கெட்டுலேர்ந்து கிழிச்ச உறை எட்டிப் பாக்கறது. தட்டு கைக்கு எட்டற தூரத்துல. ஆத்துக்காரிக்குப் பாக்கெட்டுலேர்ந்து, ஊராருக்குத் தட்டுலேர்ந்து. இல்லையா?"

"பழைய ஸ்டாக்ல ஒண்ணு மிச்சம் இருந்தது. தற்செயலா..."

"ஏன்னா."

சுப்புலக்ஷ்மி டம்ளரைக் கீழே வைத்திருந்தாள்.

"நான் அன்னிக்குக் கேட்டேன். தட்டு இங்கேயே இருக்கே, ஏன் பாக்கெட்டுலேர்ந்து எடுக்கறேள்னு கேட்டேன். உனக்குன்னு தனியா எடுத்து வச்சேன்னு சொன்னேள்." அவள் போட்டோவில் தன் சிரிப்பைப் பார்த்தாள். "அதை நான் எங்க அக்காவுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னேன். இத்தனை வருஷம் கழிச்சும் இவருக்கு என் மேல எவ்வளவு பிரியம்னு சொன்னேன்."

வேங்கடசுப்ரமணியன் நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சு துண்டு துண்டாக வந்தது. சிப் வார்க்கும் சிலிக்கான் அச்சு விரிசல் விட்டுவிட்டது. புதிது வர நாளாகும். கம்பெனியில் பணம் போட அமெரிக்காவிலிருந்து ஆள் வருவதற்குள் முகாம் நடந்தாக வேண்டும். பித்தளை அச்சிலிருந்து அவரே உட்கார்ந்து வார்த்தார்.

"சத்தியமா எனக்கு முதல்ல தெரியாது. முகாமுக்கு முந்தின நாள்தான் திரும்பியிருக்கறதைக் கவனிச்சேன்."

"தெரியாமப் பண்ணினவர் பூதத்தான்" என்றாள் ஷ்யாமளா. "நீங்க கவனிச்சுட்டுப் பண்ணினேள்."

சுப்புலக்ஷ்மி எழுந்து வாசிமின் முன்னால் வந்தாள். அவன் முகத்தை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. "வந்தவா நம்பர் எல்லாம் எங்கிட்ட இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் நானே பேசறேன். உங்க சாச்சிக்கு முதல்ல."

"வேண்டாம்மா" என்றான் வாசிம். "அவுகளுக்கு நான் சொல்லிக்கிடுதேன். மத்தவுகளுக்குச் சீக்கிரம் சொல்லுங்க."

ஷ்யாமளா ஏற்கனவே போலீஸுக்கு போன் போட்டிருந்தாள்.

---

ஏணியில் வாசிம் முதலில் ஏறினான். மதீனா பீவி கரண்டியோடு வாசலிலேயே நின்றாள்.

"என்னல, காட்டிட்டியா?"

"பொய்யிதான் சாச்சி. அந்த மெசின் ஒங்க ரத்தத்தப் பாக்கவே இல்ல."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். வளையல்கள் சரிந்து முழங்கைக்குப் போயின.

"அப்போ எனக்கு அது இருக்கா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் வாசிம். அரிசிக் கடைக்காரனுக்கு, டிக்கெட் பரிசோதகனுக்கு, போலீஸ்காரனுக்கு, எல்லோருக்கும் ஒன்று வைத்திருப்பான். இப்போது ஏணியின் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"தெரியல சாச்சி. இனிமேதான் பாக்கணும்."

மதீனா பீவி உள்ளே போனாள். பாட்டில் நகர்கிற சத்தம் கேட்டது. எண்ணெய்க் கறை படிந்த சீட்டை அவன் கையில் கொடுத்தாள்.

"எண்ண பட்டுட்டு. இத வாங்குவானுகளா?"

"வாங்க வைக்கேன்."

அவள் அவனைத் தாண்டி, கீழே நின்ற ஷ்யாமளாவைப் பார்த்தாள். "என் ரத்தம் எங்க? மண்ணுக்குத் தாரேன்னு சொன்னியே?"

"போலீஸ் வாங்கி வச்சிருக்கா. கேஸ் முடிய நாளாகும். ஆனா என் வார்த்தை மாறாது, மதீனா. நானே கொண்டு வந்து தரேன்."

மதீனா பீவி விளிம்பில் இருந்த தொட்டியைக் காட்டினாள். மருதாணி வேர் ஓரத்தில், காலையில் வாசிம் தோண்டிய குழி அப்படியே திறந்து கிடந்தது.

"நான் மூடல. எத்தன நாளானாலும் கொண்டு வா. அத என் கையாலதான் மூடுவேன்."

கரண்டியை வாசிமிடம் கொடுத்துவிட்டு, வெளியே போகத் தலையில் துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.